சாம்பியன் காதில் விழுந்த பேஷ்

மெட்ராஸ் ஹெவிவெயிட் சாம்பியன் ரகுபதி மூன்றாவது ரவுண்டில் மல்லாந்து விழுந்தது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாத ஆள் கால்வாய்க்கரையில் கிடையாது. விடை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் மதிவாணன். மற்றவன் சுந்தரராமன் என்கிற சுந்து. சுந்துவுக்கு விடை தெரிந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விடையே அவன்தான்.

ஆள் மயிலாப்பூர். வீடு சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவில். பி.காம். இரண்டாம் வருஷம். கண்ணாடியைக் கழற்றினால் பஸ் நம்பர் தெரியாது. மாட்டிக்கொண்டால் நம்பர் தெரியும், ஓடுகிற பஸ்ஸில் ஏறத் தைரியம் வராது. அம்மா ஜெயலக்ஷ்மி பாட்டு டீச்சர். பிள்ளை நடக்கத் தொடங்குமுன்பே அவனை மடியில் போட்டுக்கொண்டு சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவள். அதனால் ஒரு பழக்கம் அவன் உடம்பில் ஊறிப்போயிருந்தது. எதிரே யாராவது ஒரு காரியத்தை நறுக்கென்று அழகாகச் செய்துவிட்டால், அவனுடைய வலது கை தானாக உயரும், கண் பாதி மூடும், அடிவயிற்றிலிருந்து கணீரென்று ஒரு "பேஷ்" கிளம்பும். மரியாதைக்காகச் செய்வதல்ல. தும்மல் மாதிரி, வந்துவிடும். கச்சேரிகளில் இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. மிருதங்கக்காரர் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான்.

மதிவாணன் கல்லூரியில் அவனுக்குப் பக்கத்து இருக்கை. வீடு கால்வாய்க்கரைக் குடியிருப்பில், ரகுபதி வீட்டுக்கு அடுத்த சந்து. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய மைதானத்துக்கு சுந்துவை அழைத்துப்போனவன் அவன்தான். ஊர்ப் பெயரைச் சென்னை என்று மாற்றிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. பாக்ஸிங் போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. ரகுபதி இன்னும் 'மெட்ராஸ் சிங்கம்' என்றே சுவரெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தான். கிண்டி தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கிற சிங்கம். எதிராளி விசாகப்பட்டினத்துக்காரன். ரிங்கிலிருந்து ஒரு கை தூரத்தில் இருவருக்கும் இடம்.

முதல் இரண்டு ரவுண்டும் ரகுபதிதான். மூன்றாவதில் விசாகப்பட்டினத்துக்காரன் இடுப்பிலிருந்து ஒரு குத்தைக் கிளப்பினான். அது வருகிற வேகத்தைப் பார்த்து ரசிகர்கள் கூட்டிவந்த மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மைதானம் மூச்சைப் பிடித்தது. ரகுபதி, அவ்வளவு பெரிய உடம்பு, கழுத்தை மட்டும் ஒரு பக்கம் சாய்த்தான். நூல் பிசகவில்லை. குத்து அவன் காதோரம் காற்றை உரசிக்கொண்டு போயிற்று.

அந்த நிசப்தத்தில்தான் சுந்துவின் கை உயர்ந்தது.

"பேஷ்!"

ரகுபதி திரும்பிப் பார்த்தான். ஏதோ சத்தம் கேட்டு மிரண்டு திரும்பியதல்ல; புருவத்தை உயர்த்தி, யாரென்று தேடிப் பார்த்தான். விசாகப்பட்டினத்துக்காரனுக்கு இடது கையும் உண்டு என்பதை அப்போது மைதானத்தில் ரகுபதி ஒருவன் மட்டும்தான் மறந்திருந்தான். அடுத்த கணம் மேடைப் பலகை அதிர்ந்தது. எழுந்த கூச்சலில் அந்தப் பேஷைக் கேட்டவர்களும் மறந்துபோனார்கள். ரெஃபரி எண்ணி முடித்தும் ரகுபதி எழுந்திருக்கவில்லை.

மதிவாணன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி சுந்துவைப் பார்த்தான். "மச்சி," என்றான். அந்த ஒரு மச்சிக்குப் பிறகு சுந்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ரசிகர்கள் தீர்ப்பெழுத ஆரம்பித்துவிட்டார்கள். போன மாதம் ரகுபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு லஸ் வரை ஊர்வலம் போனவர்கள், அப்போதே ஆள் கனம் குறைந்திருந்ததைத் தங்கள் தோள் உணர்ந்ததாகச் சொன்னார்கள். டீக்கடையில் ஒருவர் கால் போய்விட்டது என்றார். கால் கெட்டியாகத்தான் இருக்கிறது, மூச்சு போய்விட்டது என்றார் அடுத்தவர். கல்யாணம் செய்துகொண்டதிலிருந்தே ஆட்டம் சரியில்லை என்றார் மூன்றாமவர். அவன் சாம்பியன் ஆனதே கல்யாணத்துக்குப் பிறகுதான் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. மட்டன் கடை குலாம் முகம்மதுவின் வாதம்தான் எல்லாவற்றிலும் கெட்டியாக நின்றது. ரகுபதிக்கு வாரம் தவறாமல் ஈரல் எடுத்துவைத்துக் கொடுத்தவர் அவர். தன் கடை ஈரல் தின்ற உடம்பு ஒரு குத்துக்கு விழாது. ஆகவே ரகுபதி விழவில்லை, படுத்தான்.

வாரக் கடைசிக்குள் எல்லாக் கருத்தும் வடிந்து ஒன்றே ஒன்று அடியில் தங்கிற்று. 'உக்காந்துட்டான்.' கை நீட்டி வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டான் என்று அர்த்தம்.

கால்வாய்க்கரையில் இதற்கு ஒரு முறை உண்டு. பயந்து தோற்றால் மன்னிப்பார்கள். அடி தாங்காமல் தோற்றால் சூப்பு வாங்கிக் கொடுப்பார்கள். உட்கார்ந்தவனை மட்டும் பஞ்சாட்சரம் சலூனுக்குக் கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை, ஆகவே அன்றைக்குத்தான் விசாரணை. குற்றம் உறுதியானால் அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, மீசையை எடுத்துவிடுவார்கள். அப்படி மீசை போனவனை எந்த கிளப்பும் ரிங்கில் ஏற்றாது. அது மறுபடி வளர்ந்தாலும் கணக்கில் சேராது.

இதெல்லாம் தெரிந்துகொண்ட நாளிலிருந்து சுந்துவின் கண்ணுக்குக் காதுகள் மட்டுமே தென்பட்டன. பாக்ஸிங் ஆடுகிறவர்களுக்குக் காது மடங்கி, அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும். மாட வீதியில் வாழைப்பூ விற்கிறவருக்கு அந்தக் காது. பஸ் கண்டக்டருக்கு அந்தக் காது. கோயிலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவரும் தலையைத் திருப்பியபோது, ஆமாம், அந்தக் காது. இத்தனை பேர் இத்தனை நாளும் தன்னைச் சுற்றிக் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களா என்று நினைத்து, தெருவுக்குத் தெரு மறுபக்கம் மாறி நடந்தான்.

வாசலில் கேட் கிறீச்சிட்டால் புழக்கடைக்குப் போய் நின்றான். அம்மா இரண்டு நாள் பார்த்தாள்.

"ஏண்டா, பேயறைஞ்சாப்ல இருக்கே? அரியர் விழுந்துடுத்தா?"

விழுந்தது அரியராக இருக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

திங்கட்கிழமை சாயங்காலம் மதிவாணனே வந்தான். ஜெயலக்ஷ்மி அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நாளைக்கு சுந்துவைத் தங்கள் ஏரியாவுக்கு ஒரு விசேஷத்துக்கு அழைத்துப்போகப்போவதாக அவன் சொன்னான்.

"என்னடாப்பா விசேஷம்?"

மதிவாணனுக்குப் பொய் வராது. "ஒரு அண்ணனுக்கு மீச எடுக்கறாங்க மாமி."

"வேண்டுதலா? பேஷா அழைச்சுண்டு போ," என்றாள் ஜெயலக்ஷ்மி.

சுந்து கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். அது டபராவில் உட்காரும்வரை கிடுகிடுவென்று ஆடியது.

வாசலுக்கு வந்த பிறகு மதிவாணன் விஷயத்தைச் சொன்னான். ரிங்சைடில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வந்தாக வேண்டுமாம். வராதவன் மேல்தான் சந்தேகம் திரும்பும்.

"நீ சொல்லிடுவியாடா?"

"நானா சொல்ல மாட்டேன் மச்சி. ஆனா யாராச்சும் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். ரகு அண்ணன் வூட்ல நான் சாப்ட்டுக்கீறேன்."

"எல்லாரும் சேர்ந்து அடிப்பாளா?"

மதிவாணன் யோசித்தான். "ரகு அண்ணன் அடிக்க மாட்டாரு," என்றான். கொஞ்சம் பொறுத்து, "மத்தவங்களப் பத்தி எனக்கு ஐடியா இல்ல," என்றான்.

பஞ்சாட்சரம் சலூன் கால்வாய்ப் பாலத்திலிருந்து இறங்குகிற சரிவில் இருந்தது. நான்கு பேர் நின்றால் ஐந்தாமவன் கண்ணாடிக்குள்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு அதில் இருபது பேர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். பவுடர் வாசனையும் பீடி வாசனையும் கலந்து குமட்டியது. வாடகைக்கு எடுத்த டிவியும் வீடியோ டெக்கும் ஸ்டூலின் மேல். எதிரே சுழல் நாற்காலியில் ரகுபதி. ஒரு கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வாசலில் அவன் மனைவி வேலம்மா, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

சண்டையை கேசட்டில் எடுத்தவர் கோடம்பாக்கத்து ஜவஹர். கல்யாண வீடியோக்காரர். கேசட் ஓட ஆரம்பித்ததும் ரோஜாப்பூக்கள் சுழன்று வந்தன. ஒரு இதயம் விரிந்தது. அதற்குள் ஒரு பக்கம் ரகுபதி, மறுபக்கம் விசாகப்பட்டினத்துக்காரன், நடுவில் குத்துவிளக்கு. சண்டை நெடுகச் சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரம் சேர்த்திருந்தார். தன் பேஷ் நாதஸ்வரத்துக்குள் மூழ்கிவிட்டது என்று தெரிந்ததும் சுந்துவுக்கு முதல் தடவையாக அந்த வாரத்தில் மூச்சு முழுதாக வந்தது.

மூன்றாவது ரவுண்டு. குத்து கிளம்பியது. ரகுபதி கழுத்தைச் சாய்த்தான். தலையைத் திருப்பினான். காமிராவும் அவனோடு சேர்ந்து திரும்பி, ஜனங்களின் முகத்தை வரிசையாகக் காட்டத் தொடங்கியது. திரும்பி வந்தபோது ரகுபதி தரையில் கிடந்தான். சலூன் கொந்தளித்தது. விழுந்த அடியே கேசட்டில் இல்லை.

ஜவஹர் டெக்குக்கு முன்னால் வந்து நின்றார். "தாலி கட்டுற நேரத்துல சொந்தக்காரங்க மூஞ்சிய காட்டலன்னா சண்டைக்கு வருவாங்கபா. பழக்கம். கை தானா திரும்பிடுச்சி."

கை தானாகத் திரும்புவதைப் பற்றி சுந்துவுக்குத் தெரியும். ஆனால் அனுதாபப்பட நேரமில்லை. பஞ்சாட்சரம் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி, முகங்களின் மேல் படத்தை நிறுத்திவிட்டார். யாரைப் பார்க்கத் திரும்பினான், யார் சைகை காட்டியது என்று தெரிய வேண்டுமாம். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். விரல் நின்றது. கண் பாதி மூடி, வாய் திறந்து, வலது கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒரு முகம்.

"யார்ரா இது? சாமி வந்த மாதிரி கீறான்."

இருபது தலையும் திரும்பின. மதிவாணன் தரையைப் பார்த்தான். கேட்டால் சொல்லிவிடுவான். கேட்கப்போகிறார்கள்.

குலாம் முகம்மது அருகே வந்து, கத்தியும் எலும்பும் பழகிய அந்தக் கையைத் தூக்கி, சுந்துவின் முதுகில் வைத்தார். "பயந்துகீது புள்ள. மொதச் சண்டை போல. கண்ண மூடிக்கினு கத்திகீது பாரு. இத்த எதுக்கு மதி இட்டாந்த? தம்பி, குந்து. யாராச்சும் ஒரு சோடா சொல்லுங்கபா."

பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். கோலி சோடா வந்தது. விசாரணை அவனைத் தாண்டிப் போய்விட்டது. சுந்து தப்பித்துவிட்டான்.

பஞ்சாட்சரம் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு ரகு. ஏன் திரும்புன?"

"எவனோ இன்னாவோ சொன்னான். திரும்புனேன்."

"இன்னா சொன்னான்?"

"தெரில. அந்த மாதிரி நான் கேட்டதில்ல."

"எப்பவும் ஆயிரம் பேர் கத்திக்கினு கீறாங்க. எவனோ ஒருத்தன் சொன்னான்னு திரும்புவியா? நீ இன்னா ரேஷன் கடை க்யூவுலயா நின்னுகினு இருந்த, பேர் கூப்டாங்கன்னு?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தீர்ப்பு இருந்தது. பஞ்சாட்சரம் கிண்ணத்தில் சோப்பை நுரைக்கத் தொடங்கினார். நுரை மேலுதட்டில் ஏறியது. வாசலிலிருந்து வேலம்மா திரும்பாமலே பேசினாள்.

"எடுக்கறதுன்னா சட்டுனு எடுங்க. அது வெல்டிங் வேலைக்குப் போவணும்."

சுந்து சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ரகுபதியின் முகம் தெரிந்தது. கண்ணை இறுக மூடியிருந்தான். ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர்கள் மூடுவார்களே, அப்படி. நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கை, கதவை உடைக்கிற அந்தக் கை, நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக இந்த ஊரில் இப்படி நடுங்கியது தான் ஒருவன் மட்டும்தான் என்று சுந்து நினைத்திருந்தான்.

பஞ்சாட்சரம் கத்தியை விரித்தார்.

"நான்தான்," என்றான் சுந்து. சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. பாட்டில் கைநழுவி உருண்டு எல்லோரும் திரும்பிய பிறகு மறுபடி சொன்னான். "நான்தான் சொன்னேன். பேஷ்னு."

"இன்னாது?"

பாட்டுக் கச்சேரியில், நன்றாக இருந்தால், அந்த மாதிரி சொல்வது வழக்கம் என்று விளக்கினான். அவர் கழுத்தைச் சாய்த்தது ரொம்ப நன்றாக இருந்தது, அதனால் வாயில் வந்துவிட்டது என்றான். பேசப் பேச, தன்னைச் சுற்றி இருந்த காற்று குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தான். அத்தனை பேரும் ஒரு அடி நெருங்கியிருந்தார்கள். யாரோ ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்கள். குலாம் முகம்மது மதிவாணனைப் பார்த்து, மெய்யா என்று ஒரே வார்த்தை கேட்டார். மதிவாணன் தலையாட்டினான்.

"இத்த நம்பச் சொல்றியா?" என்றார் பஞ்சாட்சரம். "செஞ்சி காட்டு."

நாற்காலியிலிருந்து ரகுபதியை எழுப்பினார்கள். மேலுதட்டில் நுரை, கழுத்தில் துணி. மதிவாணன் அவன் எதிரே நின்று குத்த வேண்டும். ரகுபதி அன்றைக்குச் செய்ததைச் செய்ய வேண்டும். சுந்து சொல்ல வேண்டும். ரகுபதி திரும்பாவிட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு என்று பஞ்சாட்சரம் சொன்னார். பயத்தில் இருக்கிறவனுக்குத் தும்மல் வராது. சும்மா வாயால் ஒரு பேஷ் சொன்னால் ஈ கூடத் திரும்பாது என்று சுந்துவுக்குத் தெரியும்.

மதிவாணன் குத்தினான். நிஜமாகவே குத்தினான், சாப்பிட்ட வீட்டுக்கு அவன் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ரகுபதியின் கால் அசையவில்லை. கழுத்து மட்டும், வெள்ளைத் துணிக்குள்ளிருந்து, நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதுபோல ஒரு பக்கம் சாய்ந்தது. குத்து காதோரம் போயிற்று.

சுந்துவின் கை உயர்ந்தது.

"பேஷ்!"

ரகுபதி திரும்பினான். ரகுபதி மட்டுமல்ல, கத்தியோடு பஞ்சாட்சரமும், குலாம் முகம்மதும், வாசலில் குனிந்து ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்த வேலம்மாவும் திரும்பினார்கள்.

ரகுபதிதான் முதலில் பேசினான்.

"இத்தினி வருஷமா ஆட்றேன். அடி, குத்து, கொல்லுன்னுதான் கத்துவீங்க. நல்லா கீதுன்னு எவனும் சொன்னதில்ல. யார்ரா அதுன்னு பாக்கணும்னு தோணிச்சி."

பஞ்சாட்சரம் கத்தியை மடக்கினார். உட்காரவில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் ரசிகர்கள் சும்மா கலைகிற ஜாதி இல்லை. கால் போகவில்லை, மூச்சு போகவில்லை, ஈரலிலும் குற்றமில்லை, அப்படியானால் புகழுக்கு ஆசைப்பட்டு விழுந்தான் என்றார் ஒருவர். அதைவிடப் பணம் வாங்கியிருக்கலாம் என்றார் இன்னொருவர். அடுத்து சுந்துவை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கால்வாயில் முக்கி எடுப்பது என்று ஒரு யோசனை. கால்வாயின் நிலைமையைக் கருதி அது தள்ளப்பட்டது. குலாம் முகம்மதுவுக்குத்தான் நல்ல யோசனை வந்தது. விசாகப்பட்டினத்துக்காரன் தையில் மறுபடி வருகிறான். இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் அவன் ஆட்களுக்கு நடுவில் உட்காரவைப்போம். அவன் நன்றாக ஆடுகிற நேரம் பார்த்து இது சொல்லட்டும். அவன் திரும்பட்டும்.

சலூன் ஒரு மனதாக மகிழ்ந்தது. அந்த ஆட்கள் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று சுந்து கேட்டான். அதை அவர்கள் ஊர் வழக்கப்படி பார்த்துக்கொள்வார்கள் என்றார் பஞ்சாட்சரம்.

ஷட்டரைத் தூக்கினார்கள். வெளியே வெயில் அடித்தது. சுந்து படி இறங்குமுன் தோளில் ஒரு கை விழுந்தது. தோள் தானாக இறங்கிக்கொடுத்தது. ரகுபதி, மீசையில் காய்ந்த நுரையோடு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அவனுக்குச் சொல்லாத."

"சரி."

"நல்லா ஆடுனாலும்."

"சரிங்க."

வேலம்மா கூப்பிட்டாள். ரகுபதி போய்விட்டான். பாலம் ஏறும்போது மதிவாணன் பயமாக இருக்கிறதா என்று கேட்டான். இருபது பேர் சொல்லச் சொல்கிறார்கள், ஒருவன் சொல்லாதே என்கிறான், ஆனால் சுந்துவைப் பயமுறுத்தியது இந்த இரு தரப்புமே இல்லை. அந்த விசாகப்பட்டினத்துக்காரன். அவன் எப்படி ஆடுகிறான் என்று சுந்து சரியாகப் பார்த்ததே இல்லை. ஒருவேளை அழகாக ஆடிவிட்டால்?

வலது கையை எடுத்து பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி நடந்தான்.